சமிபாட்டுக்கு என்று விற்கும் தூளும் குளிசையும்: பலன் உண்டா என்று எப்படிச் சோதிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரம் என்றாலும் கல்முனை, அக்கரைப்பற்று என்றாலும் மருந்துக்கடையில் வயிற்றுக்கென்று ஒரு தட்டு நிறையப் பொருள் இருக்கும். நார்த்தூள், நொதியக் குளிசை, ‘நல்ல பற்றீரியா’ நிரப்பிய கூடு, மூலிகைச் சூரணம். போதாததற்கு லண்டனிலிருந்தும் கட்டாரிலிருந்தும் சொந்தக்காரர் அனுப்பும் போத்தல்கள். இவற்றில் சில உண்மையாகவே உதவும். பல உதவுவதில்லை. இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது, அதற்குப் பெரிய படிப்பும் தேவையில்லை. மருந்துக்கடை மேசையில் சனம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வயிறு சுகம். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

உங்களுக்குக் கிடைத்த சுகம் உண்மை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அதைக் குடிக்காமல் இருந்திருந்தால் அதே இரண்டு கிழமையில் உங்கள் வயிறு எப்படி இருந்திருக்கும்?

வயிற்றூதல், செமியாக்குணம், மலச்சிக்கல் எதுவும் ஒரே அளவில் நிற்பதில்லை. பத்து நாள் படுத்தும், பிறகு தானாகவே தணியும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். நாம் காசு எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது எந்த நாளில்? தாங்க முடியாமற்போன நாளில். உச்சத்தில் நிற்கும்போது வாங்கினால் அடுத்து வருவது பெரும்பாலும் இறக்கம்தான். எதை வாங்கியிருந்தாலும் அது வந்திருக்கும். ஆனால் நற்பெயர் கையிலிருக்கும் போத்தலுக்குப் போய்விடுகிறது.

இன்னொன்றும் நடக்கும். புதிதாக ஒன்றை வாங்கியவர் அதோடு சேர்த்துத் தண்ணீர் கூடக் குடிக்கத் தொடங்குவார், இரவுக் கொத்துரொட்டியை விடுவார், நேரத்துக்குச் சாப்பிடுவார். ‘இது சுகப்படுத்தும்’ என்ற நம்பிக்கைக்கும் பங்குண்டு. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் நரம்புத் தொடர்பு அவ்வளவு நெருக்கமானது. பரீட்சைக்கு முதல்நாள் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வருவதைப் பார்த்த எவருக்கும் இது புதிதல்ல.

ஆகவே ‘குடித்தேன், சுகம் வந்தது’ என்பது கதையின் பாதி. குடிக்காதவருக்கு என்ன நடந்தது என்பதே மற்றப் பாதி. சோதனை என்று நாம் சொல்லும் எல்லாம் அந்த மற்றப் பாதியைத் தேடும் வேலைதான்.

அப்படி ஒழுங்காகச் சோதித்த ஒன்றைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

நெல் விளையும் நமது மாவட்டங்களுக்குப் பொருத்தமான ஒன்றைச் சொல்கிறேன். 2009 இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள், அடிக்கடி வயிற்று வலியும் மலமாற்றமும் தரும் ஐ.பி.எஸ். எனப்படும் குடல் கோளாறு உள்ள 275 பேரை மூன்று குழுவாகச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் இசப்கோல் உமி (நார்த்தூளாக விற்கும் ஒரு விதையின் உமி). இன்னொன்றுக்கு 10 கிராம் கோதுமைத் தவிடு. மூன்றாவது குழுவுக்கு மருந்துப்போலியாக, அதாவது மருந்துபோலக் கொடுக்கும் வெறும் பொருளாக, 10 கிராம் அரிசிமா. யாருக்கு எது என்று எடுப்பவருக்குச் சொல்லப்படவில்லை. 12 கிழமை நடந்தது.

முதல் மாதம் முடிந்தபோது இசப்கோல் எடுத்தவர்களில் 57 வீதமானோர் போதிய சுகம் கண்டதாகச் சொன்னார்கள். தவிடு எடுத்தவர்களில் 40 வீதம். அரிசிமா எடுத்தவர்களில் 35 வீதம்.

அந்த 35 ஐ மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். வெறும் அரிசிமா எடுத்த மூன்று பேரில் ஒருவருக்கும் மேல் சுகம் கிடைத்தது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அந்த அரிசிமாவைப் பளபளப்பான பெட்டியில் போட்டு விற்றிருந்தால் ‘எனக்குச் சுகமாக்கியது’ என்று சாட்சி சொல்ல ஆயிரக்கணக்கானோர் வந்திருப்பார்கள். இசப்கோலின் உண்மையான பங்கு 57 இலிருந்து 35 ஐக் கழித்தால் வரும் 22 தான். நூறு பேர் எடுத்தால் 22 பேருக்கு அதனாலேயே கூடுதல் பலன். இது சின்ன விசயமல்ல. ஆனால் பெட்டியில் எழுதும் 57 உம் அல்ல.

தவிட்டுக் குழுவில் இன்னொரு பாடமும் கிடைத்தது. இடைநடுவில் விலகியவர்கள் அந்தக் குழுவில்தான் அதிகம். முக்கிய காரணம், வயிறு இன்னும் மோசமானது. ‘நார் எல்லாம் நல்லது’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்று அதிலிருந்து தெரிந்தது.

மருந்துப்போலியே சுகம் தருமென்றால் அதையே எடுத்துவிட்டுப் போகலாமே?

இதைக்கூடச் சோதித்திருக்கிறார்கள். 2010 இல் அமெரிக்காவில் ஹாவார்ட் ஆய்வாளர்கள் 80 ஐ.பி.எஸ். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ‘இதில் மருந்து எதுவும் இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லியே வெற்றுக் குளிசை கொடுத்தார்கள். மூன்று கிழமையில் 59 வீதமானோர் சுகம் கண்டார்கள். குளிசை எதுவும் பெறாமல் அதே கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் அது 35 வீதம்.

டொக்டர் நின்று பேசுவது, ஒழுங்காக ஒன்றைச் செய்வது, கவலை குறைவது ஆகியவை வயிற்றுக்கு எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்காக மாதம் மாதம் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுக்கத் தேவையில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது.

வெள்ளம் வடிந்த பிறகு பிள்ளைக்கு வயிற்றோட்டம். ‘நல்ல பற்றீரியா’ தூள் கொடுக்கலாமா?

முதலில் ஜீவனி போன்ற உப்புக் கரைசல். பிள்ளை சோர்ந்து கண் குழிந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே வைத்தியசாலை. மாரி மழை காலத்தில் கிணறுகளில் வெள்ளம் புகுந்த ஊர்களில் இதில் ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது.

பற்றீரியாத் தூள் பற்றி 2018 இல் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. அமெரிக்காவில் 971 பிள்ளைகள், கனடாவில் 886 பிள்ளைகள். இரண்டிலும் தூள் எடுத்த பிள்ளைகளுக்கும் மருந்துப்போலி எடுத்த பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு முன் வந்த சிறிய ஆய்வுகள் பலவும் ‘பலன் உண்டு’ என்றுதான் சொல்லியிருந்தன. பெரிதாக, ஒழுங்காகச் செய்தபோது அது நிற்கவில்லை.

இதே நோயில் சோதனையில் நின்ற ஒரு சத்துப்பொருள் இருக்கிறது: சிங்க். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004 இல் வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளுக்கு உப்புக் கரைசலோடு 10 முதல் 14 நாள் சிங்க் கொடுக்கும்படி அறிவுறுத்தின. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் என்றார்கள். சோதனை அத்தோடு முடிந்துவிடவில்லை. 2020 இல் இந்தியாவிலும் தன்சானியாவிலும் 4500 பிள்ளைகளில் பார்த்தபோது 5, 10 மில்லிகிராமும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தன, வாந்தியும் குறைந்தது. பலன் நிரூபணமான பொருளையும் ‘இன்னும் குறைத்துக் கொடுக்கலாமா’ என்று தேடிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை டொக்டர் சொல்லட்டும்.

நம்மட எருமைத் தயிர் இருக்கும்போது கூடு எதற்கு?

நல்ல கேள்வி. நானும் தயிரின் பக்கம்தான். ஆனால் தயிர் எதைச் செய்யும் என்பதில் தெளிவாக இருப்போம்.

ஐரோப்பிய ஒன்றியம் உணவுப்பொருள்களின் சுகாதார உரிமைகோரல்களைச் சலித்து 2012 இல் ஒரு பட்டியலை ஏற்றுக்கொண்டது. உயிருள்ள யோகட் பற்றீரியா அதில் இருக்கிறது: ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பற்றீரியா இருந்தால், பால் செமிக்காதவர்களுக்கு அந்த யோகட்டிலுள்ள பால்வெல்லம் செமிக்க உதவும். அவ்வளவுதான் அந்த வாசகம். ‘நோய் எதிர்ப்பைக் கூட்டும்’, ‘குடலைச் சுத்தமாக்கும்’ என்பவற்றுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

மண்முட்டியில் உறைந்து வரும் நமது தயிரில் எந்தப் பற்றீரியா எவ்வளவு என்பது உறையைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். தொழிற்சாலை யோகட்டில் செய்த ஆய்வை அப்படியே தூக்கி முட்டித் தயிருக்குப் பொருத்த முடியாது. அதனால் அது நல்ல சாப்பாடு இல்லை என்று ஆகிவிடாது. புரதம், கல்சியம், ருசி எல்லாம் உண்டு. கித்துள் பாணியை ஊற்றிச் சாப்பிடும் நீரிழிவுக்காரர் பாணியைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பால் குடித்தால் வயிறு ஊதுது. நொதியக் குளிசை வேலை செய்யுமா?

பால்வெல்லத்தை உடைக்கும் நொதியம் சிறுகுடலில் குறைந்தவர்களுக்கு வேலை செய்யும். எப்படி வேலை செய்கிறது என்பதும் தெளிவாகத் தெரிந்த பொருள் இது: குடலில் இல்லாததை வெளியிலிருந்து கொடுக்கிறோம். மேலே சொன்ன ஐரோப்பியப் பட்டியலில் இந்த லக்டேஸ் நொதியமும் இருக்கிறது. பால் சேர்ந்த ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் குறைந்தது 4500 அலகு என்பது அங்கே வைத்த அளவு. உங்கள் போத்தலில் அலகு எத்தனை என்று பாருங்கள். மில்லிகிராமில் மட்டும் எழுதியிருந்தால் அந்த எண்ணிலிருந்து எதுவும் தெரியாது.

காசு செலவழிக்கமுன் ஒரு கணக்கு. ஒரு பெரிய கிளாஸ் பாலில் ஏறத்தாழ 12 கிராம் பால்வெல்லம் இருக்கும். நொதியம் குறைந்தவர்களிலும் பெரும்பாலானோர் ஒரே தடவையில் அந்த அளவைத் தாங்குவார்கள். இரண்டு தேக்கரண்டி பால்மா போட்ட தேத்தண்ணியில் இருப்பது சுமார் 4 கிராம்தான். ஆகவே காலைத் தேத்தண்ணியால்தான் ஊதுகிறது என்றால் பாலைவிட வேறு காரணமும் தேடுங்கள். கூடவே சாப்பிட்ட கௌபி, கடலை, பருப்பில் செமிக்காத ஒருவகைச் சீனிச்சத்து உண்டு. பெருங்குடல் பற்றீரியா அதை நொதிக்கவைத்து வாயு உண்டாக்கும்.

‘சமிபாட்டு நொதியம்’ என்ற பெயரில் பப்பாசி, அன்னாசி நொதியங்கள் கலந்து வருபவை வேறு. சதையி பழுதானவர்களுக்கு டொக்டர் எழுதிக் கொடுக்கும் சதைய நொதியக் கூடும் வேறு. மூன்றும் ஒரே தட்டில் இருந்தாலும் ஒன்றின் ஆய்வை மற்றதற்குச் சாட்சியாகக் காட்ட முடியாது.

பற்றீரியாக் கூடு வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பற்றீரியாவின் பெயரை முழுதாகப் பாருங்கள். குலப்பெயரும் இனப்பெயரும் போதாது, கடைசியில் வரும் எழுத்தும் இலக்கமும் கூட வேண்டும். ஆய்வு நடந்தது அந்தக் குறிப்பிட்ட வகையில்தான். அடுத்தது, எத்தனை கோடி உயிர் என்ற எண் உற்பத்தி செய்த நாளுக்கா, காலாவதி நாளுக்கா என்று பாருங்கள். காலாவதி நாளுக்கு உறுதி தருபவரையே நம்பலாம்.

நமது ஊரில் மூன்றாவது ஒன்றும் உண்டு: வெக்கை. வருடத்தில் பாதிக்கு மேல் பகலில் 30 பாகையைத் தாண்டும் இடத்தில், கொழும்பிலிருந்து லொறியில் வந்து, விசிறி மட்டும் ஓடும் கடைத் தட்டில் மாதக்கணக்காக இருந்த கூட்டில் எத்தனை உயிரோடு இருக்கும்? வித்து நிலையில் தூங்கும் சில வகைகளும், உலர்த்திய மதுவ வகையும் சூட்டைக் கூடத் தாங்கும். மற்றவற்றுக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். குளிரில் வைக்கச் சொல்லிப் பெட்டியில் எழுதியிருந்தும் தட்டில் நிற்குமானால் வாங்காதீர்கள்.

இன்னும் சொல்லப்போனால், அமெரிக்கக் குடல் மருத்துவர் சங்கம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஐ.பி.எஸ். நோய்க்கு இவற்றை ஆய்வுகளுக்குள் மட்டும் பயன்படுத்துமாறு கூறியது. குறைமாதக் குழந்தைகளின் ஒரு குடல் நோய் போன்ற வேறு சில இடங்களில் ஆதரவு உண்டு, அவையும் வைத்தியசாலைக்குள் தீர்மானிக்க வேண்டியவை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், எதிர்ப்புச்சக்தி குறைந்தவர் தானாக எடுக்கவே கூடாது. உயிருள்ள நுண்ணங்கி இரத்தத்தில் கலந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

பெட்டியில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று இருக்கிறதே?

எந்த ஆய்வு? எலியிலா, ஆளிலா? எத்தனை பேர்? எதோடு ஒப்பிட்டது? பெட்டியிலிருக்கும் அதே பொருளும் அதே அளவுமா? அளந்தது ஆளின் வயிற்று வலியையா, குழாயில் எடுத்த ஏதோ ஒரு எண்ணையா? இந்த ஆறுக்கும் விடை தராத விளம்பரத்தை வாசிக்காமல் விடலாம்.

என் வயிற்றுக்கு ஒத்துவருமா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். பொறுமையும் ஒரு கொப்பியும் இருந்தால் போதும். பின்னால் சொல்லும் அபாய அறிகுறிகள் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு மட்டும் இது.

ஒரே ஒரு பொருளையும் ஒரே ஒரு முறைப்பாட்டையும் தெரிவுசெய்யுங்கள். ‘வயிறு சரியில்லை’ என்பதை அளக்க முடியாது. ‘இரவில் வயிற்றூதல்’ என்பதை அளக்கலாம்: ஒவ்வோர் இரவும் படுக்கமுன் 0 இலிருந்து 10 வரை ஒரு புள்ளி. மலச்சிக்கல் என்றால் எத்தனை தடவை, எப்படிப்பட்ட மலம் என்று எழுதுங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் உருவாகி 1997 இல் வெளியான ஒரு படவரிசை டொக்டர்மாரிடம் உண்டு. ஆட்டுப் புழுக்கைபோல் வருவது 1, தண்ணியாய்ப் போவது 7, 3 உம் 4 உம் நல்லது. அந்த எண்ணை எழுதினால் வெட்கப்பட்டு விவரிக்கவும் தேவையில்லை.

முதல் இரண்டு கிழமை எதுவும் எடுக்காமல் எழுதுங்கள். பலர் இந்தக் கட்டத்திலேயே விடையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஊதல் வரும் நாளெல்லாம் முதல்நாள் இரவு பிந்திச் சாப்பிட்ட நாளாக இருக்கும். பிறகு, எவ்வளவு குறைந்தால் இந்த விலை கொடுக்கலாம் என்று முன்கூட்டியே ஓர் எண்ணை எழுதி வையுங்கள். பின்னால் எழுதினால் மனம் அந்த எண்ணை வளைத்துவிடும்.

அதன் பிறகு சோடி சோடியாகச் செய்ய வேண்டும்: ஒரு காலம் பொருளோடு, அதேயளவு காலம் பொருள் இல்லாமல். எது முதலில் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட சோடி? எந்தப் பலனும் இல்லாத பொருளும் ஒரு சோடியில் தற்செயலாக வெல்ல இரண்டிலொரு வாய்ப்பு இருக்கிறது. மூன்று சோடியிலும் தொடர்ந்து வெல்ல எட்டில் ஒன்று. ஐந்திலும் வெல்ல முப்பத்திரண்டில் ஒன்று. அந்த நிலைக்கு வந்தால் ‘தற்செயல்’ என்று தள்ளிவிடுவது கடினம்.

ஒரு காலம் எவ்வளவு என்பது பொருளைப் பொறுத்தது. லக்டேஸ் என்றால் ஒரு கிளாஸ் பாலே ஒரு காலம், இரண்டு கிழமைக்குள் ஐந்து சோடி முடிந்துவிடும். இசப்கோலுக்கு நான்கு கிழமையாவது வேண்டும், அளவும் மெதுவாகக் கூட்டப்பட வேண்டும், மாறிய பிறகு வரும் முதற்சில நாள்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

முடிந்தால் உங்களுக்கே தெரியாமல் செய்யுங்கள். லக்டேஸ் குளிசையைப் பொடித்து ஆறிய பாலில் கலப்பதா இல்லையா என்று வீட்டில் ஒருவர் நாணயம் சுண்டித் தீர்மானித்து ஒளித்து எழுதி வைக்கட்டும். நொதியம் உடைத்த பால் கொஞ்சம் இனிக்கும், நாக்கு கண்டுபிடித்துவிடும். இரண்டிலும் ஒரே அளவு சீனி போட்டால் அது மறையும். கொதிபாலில் போட்டால் நொதியம் செத்துவிடும். இசப்கோலை இப்படி மறைப்பது கஷ்டம், தண்ணீரில் ஊறிப் பருத்துக் காட்டிக்கொடுத்துவிடும். தயிரில் கலந்தால் ஓரளவு மறையலாம். மறைக்காமல் செய்தாலும் சோடியும் நாணயமும் கொப்பியும் இருந்தால் ஞாபகத்தை நம்புவதைவிட எவ்வளவோ மேல்.

காலத்தையும் பார்த்துத் தொடங்குங்கள். நோன்பு மாதம், கந்தசஷ்டி விரதம், கண்ணகி அம்மன் சடங்கு, வயல் வெட்டு நாள்கள் இவற்றில் சாப்பிடும் நேரமும் தூக்கமும் தலைகீழாகும். அந்த நாள்களில் செய்த சோதனையில் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது.

இசப்கோல் எடுப்பதில் ஆபத்து இல்லைதானே?

பொதுவாக இல்லை. ஆனால் ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். போதிய தண்ணீர் இல்லாமல் எடுத்தால் தொண்டையிலோ குடலிலோ ஊதி அடைக்கலாம். விழுங்கக் கஷ்டப்படும் முதியவருக்குக் கொடுக்க வேண்டாம். மற்றக் குளிசைகளுக்கும் இதற்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

சோதனை தொடங்கமுன் வேறு எதையும் பார்க்க வேண்டுமா?

ஏற்கெனவே எடுக்கும் குளிசைகளை எல்லாம் மேசையில் பரப்பிப் பாருங்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவருக்கு வயிற்றோட்டம், ஊதல் வருவது சாதாரணம். நேரம் கழித்துக் கரையும் வகைக்கு மாற்றினாலே பலருக்குத் தணிந்துவிடும். இரும்புச்சத்துக் குளிசை மலச்சிக்கலைத் தரும், மலத்தைக் கறுப்பாக்கும். நெஞ்செரிவுக்குக் குடிக்கும் மருந்தில் மக்னீசியம் கூடினால் வயிறு இளகும், அலுமினியம் கூடினால் இறுகும். மூட்டு வலிக்கு எடுக்கும் டைக்குளோபெனாக் இரைப்பையைப் புண்ணாக்கும்.

ஒரு குளிசை தந்த கோளாறுக்கு இன்னொரு குளிசை வாங்கி, அது தந்ததற்கு மூன்றாவது வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பார்க்க மனம் கஷ்டமாக இருக்கும். குளிசையை நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் டொக்டரிடம் கேளுங்கள்.

‘எனக்குக் கேஸ்ட்ரைட்டிஸ்தான்’ என்று தெரியும். பிறகும் டொக்டரிடம் போக வேண்டுமா?

நெஞ்செரிவு, ஊதல், மேல்வயிற்று வலி எல்லாவற்றுக்கும் நாம் அந்த ஒரே பெயரை வைத்துவிட்டோம். மலத்தில் இரத்தம், கறுத்த மலம், காரணமில்லாமல் உடல் மெலிதல், விழுங்கக் கஷ்டம், நிற்காத வாந்தி, நித்திரையைக் குழப்பும் வயிற்றோட்டம், இரத்தச்சோகை, ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்கிய மலமாற்றம், குடும்பத்தில் குடற்புற்று. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுச் சோதனை வேண்டாம், நேரே வைத்தியசாலை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கும் கல்முனையிலுள்ள ஆதார வைத்தியசாலைகளுக்கும் போக பஸ் காசு மட்டும்தான் செலவு. சூரணத்தால் மூன்று மாதம் அமுங்கிக் கிடந்த புற்றுநோய்க்கு அந்த மூன்று மாதத்தைத் திருப்பிக் கொடுக்க எவராலும் முடியாது.

சித்த மருந்தை இப்படி மேற்கத்தைய முறையில் சோதிப்பது நியாயமா?

நியாயம்தான் என்று நினைக்கிறேன். குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிடுவது எந்த நாட்டுக்கும் சொந்தமான முறை அல்ல. இஞ்சி இரைப்பையை விரைவாகக் காலியாக்குகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டின. கர்ப்பகாலக் குமட்டலுக்கும் அது உதவுகிறது. அட்டச் சூரணத்திலுள்ள சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம், இந்துப்பு எட்டையும் நமது சமையலறைகள் அறியும். ஒழுங்காகச் சோதித்து நின்றால் அதைவிட அந்த மருத்துவத்துக்கு மரியாதை ஏது? கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. இந்த வேலையை எடுத்துச் செய்யக்கூடிய ஆள்கள் நம்மிடம் உண்டு.

கவலை வேறிடத்தில். 2004 இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் தெற்காசியாவிலிருந்து வந்த 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிப் பார்த்தார்கள். 14 இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தது. பட்டதாரி வைத்தியரிடம், பெயர் எழுதிய மருந்தாக வாங்குங்கள். பெயரில்லாப் பொட்டலம் வேண்டாம்.

மாமி லண்டனிலிருந்து அனுப்பிய போத்தல். வெளிநாட்டுப் பொருள் என்றால் சோதித்துத்தானே விடுவார்கள்?

சோதித்த பிறகுதான் வரும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவுச் சத்துப்பொருளின் பலனை விற்பனைக்கு முன் அரசுக்கு நிரூபிக்கத் தேவையில்லை. அமெரிக்கப் போத்தலின் பின்பக்கம் சிறிய எழுத்தில் ‘இக்கூற்றை அரச நிறுவனம் மதிப்பிடவில்லை’ என்ற வாசகம் இருக்கும், தேடிப் பாருங்கள். இலங்கையில் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவானது. மருந்துக்கும் உணவுக்கும் எல்லையில் நிற்கும் பொருள்களும் அதன் கீழ் வருகின்றன. பெட்டியில் பதிவு இலக்கம் இருப்பது நல்லது. அதுவே உங்கள் வயிற்றுக்குப் பலன் உண்டு என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். நண்பர்கள் முப்பது பேரை வைத்து ஒரு சோதனை செய்யலாமா?

ஆர்வத்தை விடாதீர்கள். ஆனால் முப்பது காணாது. மருந்துப்போலிக் குழுவில் 35 வீதம் சுகமாகும் என்று வைத்துக்கொண்டு, இசப்கோல் அளவுக்குப் பெரிய வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமானாலே குழுவுக்கு எண்பது பேரளவில் வேண்டும். 35 இலிருந்து 50 வீதத்துக்கு உயரும் வித்தியாசம் என்றால் குழுவுக்கு ஏறத்தாழ 170 பேர். முப்பது பேரில் ‘பலன் இல்லை’ என்று வந்தாலும் ‘பலன் உண்டு’ என்று வந்தாலும் இரண்டையும் நம்ப முடியாது.

தொடங்கமுன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், பங்குபற்றுவோருக்கு அவர்கள் பேசும் தமிழில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். 2006 இலிருந்து இயங்கும் இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எதை, எப்போது அளப்பீர்கள் என்று முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். விலகியவர்களையும் விலகிய காரணத்தையும் எழுதுங்கள். நெதர்லாந்தில் தவிட்டின் குணம் வெளிப்பட்டது விலகியவர்களால்தான். தனியே முப்பது பேரை வைத்துச் செய்வதைவிட நான்கு வளாக மாணவர்கள் சேர்ந்து ஒரே திட்டத்தில் செய்தால் நமது மக்களுக்கே பொருந்தும் விடை ஒன்று கிடைக்கும். அதைப் பார்க்க எனக்கு ஆசை.

கூட்டின் உறை ஹலாலா? மரக்கறி சாப்பிடுபவர் எடுக்கலாமா?

பெரும்பாலான உறைகள் ஜெலட்டின். அது மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது. தாவரச் செலுலோசில் செய்த உறையும் உண்டு, பெட்டியில் எழுதியிருக்கும். எழுதாவிட்டால் தூளாகவோ குளிசையாகவோ வாங்குங்கள்.

எடுத்த பிறகு உடம்பு கடித்தது, கண் மஞ்சளானது. என்ன செய்வது?

உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள் செறிவுக் கூடு போன்ற சிலவற்றால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரக நோய் உள்ளவர் மக்னீசியம் சேர்ந்த பேதி மருந்தைத் தொடவே கூடாது. போகும்போது போத்தலையும் பெட்டியையும் எறியாமல் கொண்டுபோங்கள். தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அதில்தான் இருக்கும். எப்போது தொடங்கினீர்கள், நாளுக்கு எவ்வளவு, கூட என்ன குளிசை எடுத்தீர்கள் என்று சொல்லி, பாதகவிளைவாக அதிகாரசபைக்கு அறிவிக்கும்படி டொக்டரிடம் கேளுங்கள்.